அனுப்புவதற்குக் காரணம் எழுதவும்

ஜூலை 3, வியாழன்

சாயப்பட்டறைக்காரர் புது வருஷத்துக்குக் கொடுத்த இந்த டைரி ஆறு மாதமாக டி.வி.க்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்று அதை விடுவித்தேன். டி.வி. இப்போது கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. செய்தி வாசிக்கிற பெண் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு வாசிப்பது போல இருக்கிறது. பழகிவிடும்.

காரணம், கம்பெனியில் வந்திருக்கும் புது வேலை. எங்களிடம் குழந்தைத் துணி எடுக்கும் டென்மார்க் பையரின் டிசைன் ஒன்று, அவர்கள் கடையில் தொங்குவதற்கு முன்பே வேறு எவன் கடையிலோ தொங்கியிருக்கிறது. திருப்பூரில் எங்கள் கம்பெனியிலிருந்துதான் கசிந்தது என்று அவர்கள் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தகவல் வெளியே போகாமல் காக்க ஒரு பாலிசி போட்டுக் காட்டுங்கள், பிறகு அடுத்த ஆர்டரைப் பேசலாம் என்று மெயில்.

முதலாளி தினகர் எல்லா செக்‌ஷன்காரர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். கோயம்புத்தூரிலிருந்து ஃபர்சானா என்று ஒரு பெண், முப்பது வயதிருக்கும், இந்த வேலைக்கென்றே வந்திருக்கிறது. பாலிசி என்றதும் நான் எல்.ஐ.சி. என்று நினைத்து, ஐம்பத்தாறு வயதுக்குக் கொடுப்பார்களா என்று கேட்டுவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் சிரிக்காமல், இதுவும் இழப்பு வருவதற்கு முன்னால் எடுப்பதுதான் சார் என்றது. அப்போதே எனக்கு அதைப் பிடித்துவிட்டது.

ஒவ்வொரு செக்‌ஷனும் தன்னிடம் என்ன கோப்பு வருகிறது, எங்கே போகிறது என்று எழுதித் தரவேண்டும். அதற்கு அச்சடித்த தாள் தனியாக இருக்கிறது. தாளில் இடம் போதாதவற்றை இதில் எழுதலாம் என்று டைரியை எடுத்தேன். நான் சாம்பிள் செக்‌ஷன் பொறுப்பு. படித்தது பத்தாவது, அதுவும் கணக்கு வாத்தியார் மனசு வைத்ததால்.

ஜூலை 5, சனி

ஃபர்சானா கம்பெனியைச் சுற்றிச் சுற்றி வருகிறது. கேள்வி ஒன்றேதான்: “அப்புறம், அங்கிருந்து எங்கே?” கேட்கக் கேட்க, இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த இடத்தை நானும் இப்போதுதான் பார்ப்பது போல இருக்கிறது.

ஒரு துணியின் படம், அளவு, நிறம், தையல் எல்லாம் அடங்கிய கோப்புக்கு டெக் பேக் என்று பெயர். அது மெயிலில் வருகிறது. மெயிலிலிருந்து ஆபீஸ் சர்வருக்கு. சர்வரிலிருந்து பென் டிரைவில் கட்டிங்குக்கு. பிரிண்டிங் பட்டறைக்கு வாட்ஸப்பில் போட்டோ. எம்ப்ராய்டரிக்காரர் நேரில் வந்து, கம்ப்யூட்டர் திரையையே போனில் படம் பிடித்துக்கொண்டு போகிறார். வேலை முடிந்த பேப்பர் பேட்டர்ன், அளவுகளோடு சேர்த்து, பழைய பேப்பர்காரருக்கு.

வாசலில் எங்கள் வாட்ச்மேன் டெய்லர்களின் சோற்றுப் போசியைத் திறந்து, வெட்டுத் துண்டு ஏதாவது போகிறதா என்று பார்க்கிறார். ஒரு சீசன் டிசைன் முழுவதும் எம்ப்ராய்டரிக்காரர் சட்டைப்பையில் போகிறது. அதற்கு சலாம் வைக்கிறார்.

கிளவுட் என்றால் என்ன என்று கேட்டேன். தெரியாததைக் கேட்பதில் எனக்கு வெட்கம் கிடையாது, வெட்கப்பட ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. மேலே ஆகாயத்தில் ஒன்றும் இல்லையாம். வேறு யாருடைய பெரிய கட்டடத்திலோ நம் பீரோவை வாடகைக்கு வைத்திருக்கிறோமாம். பட்டன் ஸ்டோருக்குப் பின்னால் இருக்கும் சர்வர் சொந்த வீடு. இரண்டு வீட்டுக்கும் பூட்டு வேறு வேறு, ஆனால் சட்டம் ஒன்றாக இருக்கவேண்டும், அதைத்தான் திட்டம் போடுகிறேன் என்றது. சொந்த வீட்டைக் காட்டப் போனோம். ஏ.சி. அறை என்பதால் பட்டன் ஸ்டோர்க்காரர் சர்வர் மேல் தயிர் வைத்திருந்தார். அந்தப் பெண் தயிரையும் தாளில் குறித்துக்கொண்டது.

என் தாளை நிரப்பிக் கொடுத்தேன். கட்டிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி, பையர். ஒரு வழியை மட்டும் எழுதவில்லை. எழுதுகிற அளவுக்குப் பெரிய விஷயம் இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

பெரிய விஷயம் இல்லை என்று எழுதிவிட்டதால் அதையும் எழுதிவைக்கிறேன்.

சாம்பிளைச் சோதித்துப் பையருக்கு ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. என் ஆங்கிலம் டென்மார்க் வரை போய்ச் சேராது. அதனால் மகள் வினோதினி காலேஜ் படிக்கும்போதிருந்தே ரிப்போர்ட்டை அவளுக்கு அனுப்புவேன். டிசைன் படத்தோடு முழுக் கோப்பும் போகும். அவள் சிவப்பில் திருத்தி அனுப்புவாள். இப்போது ஓசூரில் இருக்கிறாள். டாக்டர்கள் எழுதுவதைத் திருத்தும் கம்பெனியில் வேலை. டாக்டர்களுக்கு அடுத்தபடியாக நான்.

போன வருஷம் மார்ச்சில் அவள் கூட வேலை பார்க்கும் பையனை ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டாள். நம்ம ஆளுக இல்லை. அன்றைக்கு எனக்கு ஸ்டாக் எடுக்கிற வேலை இருந்தது, போகமுடியவில்லை. அதிலிருந்து அவள் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை. வீட்டில் யாரும் பேசக்கூடாது என்று துளசிமணியிடமும் சொல்லியிருக்கிறேன். என் மனைவி நான் சொன்னால் கேட்பவள்.

ஆனால் கல்யாணம் ஆன அடுத்த வாரம், பழக்கத்தில் கை போய் ஒரு ரிப்போர்ட் அவளுக்குப் போய்விட்டது. மறுநாள் திருத்தி வந்தது. மேலே பெயர் இல்லை, கீழே ஒரு வார்த்தை இல்லை, சிவப்பு மட்டும். அதன்பிறகு அப்படியே நடக்கிறது. ஆங்கிலத்துக்காகத்தான்.

ஜூலை 9, புதன்

துளசிமணி பழைய பருத்திச் சேலைகளைக் கிழித்து, ஓரம் மடித்துத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். எதற்கு என்றேன். வண்டி துடைக்க என்றாள். எங்களிடம் இருப்பது ஒரு ஸ்கூட்டி. அதற்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் நனைத்துப் போடலாம், அத்தனை மிருதுவான துணி.

பிறகு, பிறந்த குழந்தைக்கு எந்தத் துணி ஒத்துக்கொள்ளும் என்று கேட்டாள். தொழில் சம்பந்தமாக என்னை இவள் கேட்பது இதுவே முதல் தடவை. உற்சாகமாகச் சொன்னேன். இன்டர்லாக் பருத்தி, சாயம் குறைவு, லேபிள் உள்பக்கம் வரக்கூடாது, தலை நுழைகிற இடம் தோளில் விரிந்து கொடுக்கவேண்டும். சாதம் ஆறிவிட்டது. யாருக்கு என்று கேட்க மறந்துவிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

முதலாளி எல்லாவற்றையும் மூடிவிடலாம் என்கிறார். வெளி மெயில் கூடாது, பென் டிரைவ் கூடாது, முடிந்தது வேலை. ஃபர்சானா விடவில்லை. இன்றைக்கு மூடினால் நாளைக்குப் பிரிண்டிங் பட்டறைக்கு டிசைன் போகாது, சரக்கு நிற்கும், ஆட்கள் போனில் படம் எடுத்துச் சந்து வழியாக அனுப்புவார்கள், சந்தில் போவது நம் கண்ணில் படாது என்றது. முதலில் பார்க்கவேண்டுமாம். டென்மார்க் டிசைன் இருக்கும் கோப்புக்கெல்லாம் ரகசியம் என்று ஒரு முத்திரை. அந்த முத்திரையுள்ள கோப்பு வெளியே போனால் சிஸ்டம் தடுக்காது, ஆனால் எண்ணிக்கொள்ளும். இரண்டு வாரம் வெறும் வேடிக்கை. அதற்குப் பிறகு எச்சரிக்கை. அதற்கும் பிறகுதான் தடை.

தடை எப்போது என்று கேட்டேன். ஆகஸ்டு பதினொன்றாம் தேதி திங்கட்கிழமை. எதற்குக் கேட்டேன் என்று அது கேட்கவில்லை.

வீட்டில் துளசிமணி ஏன் காப்பியைக் குடிக்காமல் வைத்திருக்கிறீர்கள் என்றாள். ஆகஸ்டு பதினொன்று முதல் ஆபீசில் மெயிலையெல்லாம் நிறுத்தப் போகிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தர்மபுரியில் இருக்கும் அவள் அக்காவிடம் பேசவேண்டும் என்று போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள். தினமும் அக்காவிடம் என்ன பேச்சோ. கீழே சிக்னல் இல்லையாம்.

ஜூலை 17, வியாழன்

ரிப்போர்ட் அனுப்பினேன். பச்சைக் குழந்தைகளுக்குச் சட்டையும் டிராயரும் ஒன்றாகத் தைத்த ரோம்பர், யானை போட்டது.

ஜூலை 18, வெள்ளி

திருத்தி வந்துவிட்டது. அதிகாலை நாலரைக்கு அனுப்பியிருக்கிறாள். முன்பெல்லாம் ராத்திரி எட்டு மணிக்கு வரும். ஒரு மாதமாக விடியற்காலையில்தான் வருகிறது. அந்த நேரத்தில் ஏன் விழித்திருக்கிறாள்? அந்தப் பையன் குறட்டை விடுகிறானோ என்னவோ.

‘யானையின் காது நன்றாகத் தைக்கப்பட்டுள்ளது’ என்று நான் எழுதியதில் அவள் தொடவே இல்லை. மற்றதெல்லாம் சிவப்பு.

ஜூலை 28, திங்கள்

வேடிக்கை பார்த்த இரண்டு வாரத்தின் கணக்கு வந்துவிட்டது. ஃபர்சானா என்னைத் தனியாகக் கூப்பிட்டது. கம்பெனியிலிருந்து வெளி ஆளுக்கு ரகசியக் கோப்பு அதிகமாக அனுப்பியது யார் என்று கண்டுபிடித்தாயிற்று. நான்தான். எம்ப்ராய்டரிக்காரரெல்லாம் எனக்கு ரொம்பக் கீழே.

மகள்தான், ஆங்கிலம் திருத்த, டென்மார்க்குக்குத் துரோகம் இல்லை என்று சொன்னேன். அது தலையாட்டியது. பிறகு மெதுவாக ஒன்று சொன்னது. நான் பையருக்கு நேரடியாக அடிக்கிற அவசர மெயில்களையும் பார்த்ததாம். அவற்றில் தப்பே இல்லை. மகளுக்குப் போகிற ரிப்போர்ட்டில்தான் பாராவுக்குப் பத்து. அதுவும் ஒவ்வொரு வாரமும் அதே பத்து. போன வருஷம் திருத்தித் தந்த வார்த்தையே மறுபடியும் மறுபடியும் தப்பாகப் போகிறதே, ஏன் சார் என்றது.

கீபோர்டு கோளாறு என்றேன்.

“கீபோர்டை மாத்தச் சொல்லட்டுங்களா?” என்றது.

பழகிய கீபோர்டு, இருக்கட்டும் என்றேன்.

ஜூலை 30, புதன்

கிளவுட் முடிந்து சொந்த வீட்டுக்கு வந்துவிட்டார்கள். சர்வரில் ஒரு தேடும் நிரலை விட்டிருக்கிறார்கள், அது ஒவ்வொரு போல்டராக மோந்து பார்த்துக்கொண்டு போகிறது. சாம்பிள் செக்‌ஷனில் ‘பழைய சைஸ் சார்ட்’ என்ற போல்டரில் சைஸ் சார்ட் எதுவும் இல்லை என்று எழுதி வைத்துவிட்டது. கல்யாணப் போட்டோக்கள். ரிஜிஸ்டர் ஆபீஸ் படி, மாலை, நீலச் சட்டையில் ஒரு பையன்.

மச்சினன் மகன் வாட்ஸப்பில் போட்டதை, போனில் இடம் இல்லாததால் அங்கே இறக்கி வைத்து, அப்படியே மறந்துபோய்விட்டேன் என்று விளக்கினேன். ஃபர்சானா திரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டது. கடைசியாகத் திறந்த நாள் என்று ஒரு கட்டம் இருக்கிறது போல. அதில் நேற்றைய தேதி.

சர்வர் நல்ல சர்வர். சொந்த வீடாக இருந்தும் கொஞ்சம்கூட விட்டுக்கொடுப்பதில்லை.

ஆகஸ்டு 4, திங்கள்

எச்சரிக்கை தொடங்கிவிட்டது. ரகசிய முத்திரை உள்ள கோப்பை வெளி முகவரிக்கு அனுப்பப் போனால் மேலே மஞ்சள் பட்டை வருகிறது. அதில் ஒரு பெட்டி: அனுப்புவதற்குக் காரணம் எழுதவும். எழுதினால் போகும். எழுதிய காரணங்களையெல்லாம் ஃபர்சானா படிக்கும்.

நான் எழுதியது: ஆங்கிலத் திருத்தம்.

போனது.

நேற்று ஆடிப் பதினெட்டு. துளசிமணி நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு ஜாடி போட்டாள். எனக்கு ரத்த அழுத்தம், அவளுக்குப் புளிப்பு ஆகாது. அக்காவுக்கு என்றாள். அந்த அக்காவுக்கு இந்த வயதில் வாய்க்கு என்னென்னவோ கேட்கிறது.

ஆகஸ்டு 5, செவ்வாய்

காரணம்: அவசரம்.

சின்னப் பெட்டிதான், ஆனால் அதன் முன்னால் உட்கார்ந்தால் நேரம் போவது தெரியவில்லை. முதலில் வேறு ஒன்று அடித்துவிட்டேன், பிறகு அழித்துவிட்டு இதை எழுதினேன். அழித்ததையும் அந்தச் சிஸ்டம் பார்க்குமா என்று ஃபர்சானாவைக் கேட்கவேண்டும்.

ஆகஸ்டு 6, புதன்

கேட்டேன். அழித்ததைப் பார்க்காதாம். நிம்மதி.

வந்த வேலையோடு வேலையாக, திங்கட்கிழமை தடை வரும்போது ஒரே ஒரு முகவரிக்கு மட்டும் விதிவிலக்குப் போடமுடியுமா என்றும் கேட்டேன். முதலாளிக்கே விதிவிலக்கு இல்லை என்றது. யாருக்காவது ஒருவருக்குத் திறந்து வைத்தால், எழுதிய பாலிசி முழுவதும் அந்த ஓட்டைக்குக் கதவு மாட்டியது போல ஆகிவிடுமாம். நியாயந்தான். நான் எழுந்தேன்.

“சார், ஒண்ணு கேக்கட்டுங்களா?”

“கேளு அம்மணி.”

“இந்த பாலிசில டென்மார்க் டிசைனத்தானுங்க வெளிய போகக்கூடாதுன்னு போட்டிருக்கேன். உங்க மகளுக்கு மெயில் அனுப்பக்கூடாதுன்னு எங்கயும் போடலையே. அவங்களுக்கு எழுத எதுக்குங்க சார் யானையும் ரோம்பரும்?”

பதில் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். பட்டன் ஸ்டோர்க்காரர் தயிரை எங்கே வைப்பது என்று கேட்டுக்கொண்டு வந்தார். அவருக்கு வழி சொல்லிவிட்டு அப்படியே செக்‌ஷனுக்கு வந்துவிட்டேன்.

ஆகஸ்டு 7, வியாழன்

மத்தியானம் முழுவதும் அதையே யோசித்தேன். சும்மா ஒரு மெயில் எழுதினால் அவள் பதில் போடவேண்டும் என்று கட்டாயம் இல்லை. ரிப்போர்ட் என்றால் வேலை, திருத்தியே ஆகவேண்டும். திருத்தாவிட்டால் டென்மார்க்கில் அப்பாவின் மானம் போகும் என்று அவளுக்குத் தெரியும். சும்மா எழுதி, பதில் வராமல் போனால் அது வேறு. அதற்குத்தான் யானை. இதை அந்தப் பெண்ணிடம் சொல்லமுடியுமா?

முப்பது டெய்லரை மேய்க்கிறேன். நாலு வரி எழுத உட்கார்ந்து மூன்று முறை எழுந்துவிட்டேன்.

ஆகஸ்டு 8, வெள்ளி

எழுதிவிட்டேன். தமிழில். ரிப்போர்ட் எழுதியே பழகிய கை, மெயிலில் நேராக எழுத வரவில்லை, கோப்பாக அடித்துத்தான் இணைத்தேன். அதன் நகல்:

‘வினோதினிக்கு. திங்கட்கிழமை முதல் ரிப்போர்ட் அனுப்ப முடியாது. கம்பெனியில் பாலிசி போட்டிருக்கிறார்கள். நல்ல பாலிசிதான். இங்கே எல்லாரும் நலம். டி.வி. கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய், ஏன் விடியற்காலையில் தூங்காமல் இருக்கிறாய் என்று அம்மா கேட்கச் சொன்னாள்.’

படித்துப் பார்த்தேன். தப்பு எதுவும் வைக்கவில்லை. அனுப்பு என்பதை அழுத்திவிட்டு மஞ்சள் பட்டைக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. பெட்டி வரவில்லை. காரணம் கேட்காமலே போய்விட்டது.

ஆகஸ்டு 9, சனி

காலையில் மெயிலைத் திறக்காமல் இரண்டு முறை செக்‌ஷனைச் சுற்றி வந்தேன். பட்டன் இல்லாத சாம்பிள் ஒன்றுக்குப் பட்டன் எங்கே என்று ஒரு டெய்லரைத் திட்டினேன். அதற்குப் பட்டனே கிடையாது என்று அவர் காட்டினார்.

வந்திருந்தது. நாலே முக்காலுக்கு அனுப்பியிருக்கிறாள். என் கோப்பு அப்படியே இருந்தது. ஒரே ஒரு இடத்தில் சிவப்பு. ‘அம்மா கேட்கச் சொன்னாள்’ என்பதை அடித்திருந்தாள். ஓரத்தில் குறிப்பு:

‘அம்மா தினமும் மொட்டைமாடில இருந்து பேசறாங்க. நான் ஏன் தூங்கலைன்னு அவங்களுக்கு மொதல்லருந்தே தெரியும். இதை கேக்கறது யாரு?’

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். அக்கா. சிக்னல். வண்டி துடைக்கிற துணி. நார்த்தங்காய். இன்டர்லாக் பருத்தியைப் பற்றி ஒரு சாப்பாட்டு நேரம் முழுவதும் பேசியிருக்கிறேன், வரப்போகிற பேரக்குழந்தைக்கு என்று தெரியாமலே, மடையன். கம்பெனியில் யார் எங்கிருந்து என்ன அனுப்புகிறார்கள் என்று இந்த ஒரு மாதமாகத் துருவித் துருவிப் பார்த்தவன், என் வீட்டு மாடிப்படியைப் பார்க்கவில்லை. பேசக்கூடாது என்று ஒரு சட்டம் போட்டேன். போட்ட நாளிலிருந்து அதை நான் ஒருவன்தான் கடைப்பிடித்திருக்கிறேன்.

திரையில் அவள் அடித்ததை ஏற்கிறாயா, மறுக்கிறாயா என்று இரண்டு பொத்தான் இருந்தது. ஏற்றேன். அந்த இடம் காலியாக நின்றது. அதில் எழுதினேன்:

‘நான்தான். எப்போது வரலாம்?’

அனுப்பிவிட்டுப் பார்த்தால், ஃபர்சானா கையில் தாளோடு வாசலில் நிற்கிறது. திங்கட்கிழமைக்கான கடைசிச் சரிபார்ப்பு, எங்கள் செக்‌ஷனிலிருந்து வெளி முகவரி ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கேட்டது. இல்லை என்றேன். அது என்னைப் பார்த்தது, திரையைப் பார்க்கவில்லை. ‘சாம்பிள் செக்‌ஷன்: சரி’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டது.

பதில் வர டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. சிவப்பு இல்லை, கறுப்பிலேயே இருந்தது:

‘ஞாயித்துக்கெழமை. டிக்கெட் அம்மாகிட்ட இருக்கு.’

ஞாயிறு என்றால் நாளைக்கு.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினேன். துளசிமணி கட்டிலில் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். துவைத்த துணிகள், ஊறுகாய் ஜாடி. மேலே என் வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டு.

“காலைல அஞ்சேகாலுக்கு வண்டிங்க. நேரத்தோட சாப்பிட்டுப் படுத்துக்குங்க,” என்றாள்.

டிக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். ஓசூர் வரை, இரண்டு பேருக்கு, பக்கத்துப் பக்கத்து சீட். பதிவு செய்த தேதி ஜூலை பதினைந்து.

ஜூலை பதினைந்தாம் தேதி நான் வினோதினிக்கு எழுதுவேன் என்று எனக்கே தெரியாது. எழுதுகிற எண்ணமே இல்லை. யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, மெயில் போடவில்லை, போனில் பேசவில்லை, டைரியில்கூட எழுதவில்லை, இப்போதுதான் திரும்பப் புரட்டிப் பார்த்தேன். இந்தத் தகவல் எந்த வழியாக வெளியே போனது என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. ஃபர்சானாவைக் கேட்டால் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும்.

கேட்கப் போவதில்லை. அந்த வழி எதுவோ, திறந்தே இருக்கட்டும்.